பத்தாயிரம் கட்டிய பிறகு: குடித்துவிட்டு வண்டி ஓட்டுதலும் மறுகுற்றமும்

ஞாயிற்றுக்கிழமை அந்தி சாய்ந்த பிறகு ஏற்காட்டிலிருந்து இறங்கும் வண்டிகள், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரத்துக்கு வரும்போது, பிரேக் சூடேறிய வாடையும் கூடவே வந்து சேரும். சோதனை நடக்கும் நாட்களில் அங்கே தடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் காவலர், கையடக்கக் கருவியில் புதிய ஊதுகுழல் ஒன்றைச் செருகி, ஓட்டி வந்தவரிடம் நீட்டுகிறார். சில விநாடிகளில் சிறு திரையில் ஓர் எண் தெரிகிறது. நாளும் நேரமும் அளவும் பதிந்த துண்டுச் சீட்டு வெளியே வருகிறது. சீட்டைப் பார்த்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவுங்க கட்டணும்?" என்பதுதான்.

ஹெல்மெட் போடாததற்கும் சிக்னலைத் தாண்டியதற்கும் வரும் சலானைப் போல இதுவும் ஒன்று என்று எண்ணுவதால் வரும் கேள்வி அது. ஆனால் அந்தச் சீட்டோடு தொடங்குவது, சிறைத்தண்டனைக்கு இடமுள்ள ஒரு குற்ற வழக்கு. அதன் முழுக் கனமும் முதல் முறை பிடிபடும்போது தெரிவதில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்பியவருக்கு வழக்கு முடிந்துவிட்டதாகவே தோன்றுகிறது. பல ஆண்டுகள் கழித்து இன்னொரு சோதனையில் மறுபடியும் ஊதும்போதுதான், முன்பு கட்டிய பத்தாயிரம் ரூபாய்க்குள் என்னென்ன அடங்கியிருந்தன என்பது புரிகிறது. அதைப் பிரித்துச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அடிப்படை விதி, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் ஒருவர் மோட்டார் வாகனத்தை ஓட்டினாலோ, ஓட்ட முயன்றாலோ, அது குற்றம். மதுவல்லாத வேறு போதைப்பொருளின் பிடியில், வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டுவதும் இதே பிரிவின்கீழ் வருகிறது. முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது குற்றத்துக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இந்த 30 மில்லி கிராம் என்ற கோடு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1988இல் சட்டம் இயற்றப்பட்டபோது, எவ்வளவு சிறிய அளவானாலும் இரத்தத்தில் மது இருந்தாலே குற்றம் என்றுதான் எழுதப்பட்டிருந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இந்த அளவை வைத்தது. தனியார் காருக்கும் பேருந்துக்கும் 16 சக்கர லாரிக்கும் அளவு ஒன்றேதான். பிழைப்புக்காக ஓட்டுபவருக்கு வேறு அளவு கிடையாது.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அபராதம் ஏறியதையே சொல்கிறார்கள். 2,000 ரூபாய் வரை என்று இருந்தது 10,000 ஆனது. 3,000 வரை என்று இருந்தது 15,000 ஆனது. ஏற்றம் பெரியதுதான். ஆனால் முதல் குற்றத்துக்கும் மறுகுற்றத்துக்கும் இடையிலான விகிதம் அன்றும் ஒன்றுக்கு ஒன்றரை, இன்றும் ஒன்றுக்கு ஒன்றரை. தொகையை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டாம் முறை என்பது இன்னும் ஐயாயிரம் கூடுதல், அவ்வளவே. அதே திருத்தத்தில் வந்து, பேச்சில் அதிகம் அடிபடாமல் போன மாற்றம் ஒன்று இருக்கிறது. என் பார்வையில் அபராத உயர்வைவிட அதுவே முக்கியமானது.

பழைய பிரிவில், இரண்டாவது குற்றம் முந்தைய குற்றம் நடந்த 3 ஆண்டுகளுக்குள் நிகழ்ந்திருந்தால் மட்டுமே கூடுதல் தண்டனை என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதாவது, ஒருவர் 2010இல் ஒருமுறை பிடிபட்டு, பிறகு 2015இல் மறுபடியும் பிடிபட்டால், கூடுதல் தண்டனையைப் பொறுத்தவரை அவர் மீண்டும் முதல் குற்றவாளியாகவே கருதப்படுவார். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த 3 ஆண்டு என்ற சொற்களையே நீக்கிவிட்டது. இப்போது முதல் குற்றத்துக்குக் காலாவதி என்று ஒன்று இல்லை. இருபத்திரண்டு வயதில் கல்லூரி நண்பர்களோடு ஏற்காடு போய்த் திரும்பும்போது பிடிபட்டு, ஒத்துக்கொண்டு பணம் கட்டிய ஒருவர், நாற்பது வயதில் கல்யாண வீடு ஒன்றிலிருந்து வரும்போது பிடிபட்டால், சட்டத்தின் கண்ணில் அது இரண்டாவது குற்றம்தான். இடையில் 18 ஆண்டுகள் ஒழுங்காக ஓட்டியது, நீதிபதி தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது கருணைக்குரிய காரணமாகலாமே தவிர, குற்றத்தின் வரிசை எண்ணை மாற்றாது.

பிடிபட்ட இடத்திலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளலாமே என்ற எண்ணமும் இங்கே செல்லாது. போக்குவரத்துக் குற்றங்களில் எவற்றைக் குறிப்பிட்ட தொகை கட்டி நீதிமன்றம் போகாமலே முடித்துக்கொள்ளலாம் என்று சட்டத்தின் 200ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. 185 அந்தப் பட்டியலில் இல்லை. 2022 அக்டோபரில் தமிழக அரசு புதிய அபராதத் தொகைகளை அறிவித்தபோது ஊரெங்கும் அதே பேச்சாக இருந்தது. ஆனால் குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு அன்றும் இன்றும் குற்றவியல் நடுவர் முன்னால் போய்த்தான் ஆக வேண்டும். சாலையில் நிற்கும் காவலருக்கு அதை முடித்துவைக்கும் அதிகாரம் கிடையாது.

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில், இத்தகைய வழக்குகள் அழைக்கப்படும் காலை வேளையில், சம்மன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். வக்கீல் குமாஸ்தாவிடம் அவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றே: "அண்ணா, ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிருமுங்களா?" முடிந்துவிடும் என்பதே பதில், அது உண்மையும்கூட. பெயரைக் கூப்பிடுகிறார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்கள், ஆமாம் என்றதும் அபராதம் விதிக்கப்படுகிறது, பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பேருந்து ஏறிவிடலாம். அந்த 'ஆமாம்' என்ற ஒரு சொல்லால் தன் பெயரில் ஒரு குற்றத்தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்பதையும், அடுத்த முறை அரசுத் தரப்பு எடுத்துக் காட்டப்போவது அதைத்தான் என்பதையும் அந்த இரண்டு நிமிடத்தில் யாரும் அவருக்கு விளக்கிச் சொல்வதில்லை. ஒப்புக்கொள்வது தவறென்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு ஓட்டியவர் அதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

அபராதத்தின் அளவிலும் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. முன்பு 2,000 ரூபாய் 'வரை' என்று இருந்ததால், ஐந்நூறோ ஆயிரமோ விதித்து அனுப்ப நீதிபதிக்கு இடமிருந்தது. இப்போது 'வரை' என்ற சொல் இல்லை. அபராதம் விதிப்பதென்றால் அது 10,000 ரூபாய்தான். நாள் கூலிக்கு வெள்ளிப்பட்டறையில் வேலை செய்பவருக்கும், மலையில் சொந்த எஸ்டேட் வைத்திருப்பவருக்கும் ஒரே தொகை. சிறைத்தண்டனைக்கோ மேல்வரம்பு மட்டும் இருக்கிறது, கீழ்வரம்பு இல்லை. ஆகவே நீதிமன்றம் கலையும் வரை காவலில் இருக்கச் சொல்லும் தண்டனையும் சட்டப்படி சாத்தியம். அபராதத்தைக் கட்டத் தவறினால் அதற்கு ஈடாகச் சிறை என்பது வேறு.

இனி ஓட்டுநர் உரிமத்தின் கதைக்கு வருவோம். மறுகுற்றத்தின் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. உரிமத்தைத் தொடும் வழிகள் இரண்டு; அவை ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. முதல் வழி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வழி. 185ஆம் பிரிவுக் குற்றம் நடந்ததாகக் காவல் அதிகாரி நம்பக் காரணமிருந்தால், அவர் உரிமத்தைக் கைப்பற்றி, அதை வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று 206ஆம் பிரிவில் 2019இல் சேர்க்கப்பட்ட நான்காம் உட்பிரிவு சொல்கிறது. அனுப்பப்பட்ட உரிமத்தின் மீது, உரியவரின் விளக்கத்தைக் கேட்ட பிறகு, முதல் குற்றமானால் 3 மாதம் தகுதியிழப்பும், மறுகுற்றமானால் உரிம ரத்தும் செய்ய 19ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த 3 மாதம் முடிந்த பிறகும், புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் உரிமம் திரும்பக் கைக்கு வரும். சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, 2015 ஆகஸ்டிலேயே, குடித்துவிட்டு ஓட்டுபவரின் உரிமத்தைக் குறைந்தது 3 மாதத்துக்கு நிறுத்திவைக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது; சட்டத் திருத்தம் பிறகுதான் வந்தது.

இரண்டாவது வழி நீதிமன்றத்தின் வழி, இதுதான் கடுமையானது. 22ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி, 185இன்கீழ் ஏற்கெனவே தண்டிக்கப்பட்ட ஒருவர் அதே பிரிவின்கீழ் மறுபடியும் தண்டிக்கப்பட்டால், அந்த நீதிமன்றம் அவருடைய ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்தாக வேண்டும். 'ரத்து செய்யலாம்' என்று அங்கே எழுதப்படவில்லை. சிறையா அபராதமா என்பதில் நீதிபதிக்கு விருப்புரிமை உண்டு. உரிமத்தில் அது இல்லை. 15,000 ரூபாயைக் கையில் எண்ணி எடுத்துக்கொண்டு வந்தவர், பணத்தோடு உரிமத்தையும் நீதிமன்றத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிறார். ரத்தோடு தகுதியிழப்பு ஆணையும் இருந்து, அதன் பிறகும் ஸ்டியரிங்கைப் பிடித்தால், தகுதியிழந்த நிலையில் ஓட்டியதற்காக 182ஆம் பிரிவின்கீழ் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இன்னொரு வழக்கு தனியே வரும்.

இந்தப் பிரிவுகளின் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். 185 பேசுவது இரண்டாவது 'குற்றம்' பற்றி. 22 பேசுவது ஏற்கெனவே 'தண்டிக்கப்பட்டவர்' பற்றி. ஒருவர் மார்கழியில் ஒருமுறையும் தையில் ஒருமுறையும் பிடிபடுகிறார், முதல் வழக்கே இன்னும் விசாரணைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையில் இரண்டாவது வழக்கு முதலில் முடிந்தால், அந்தத் தீர்ப்பு நாளில் அவர் 'ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்' அல்லர். கட்டாய ரத்து அவரைத் தொடாது. எனவே ஒருவர் மறுகுற்றவாளியா என்பதைத் தீர்மானிப்பது எத்தனை முறை ஊதினார் என்பது மட்டுமல்ல, முதல் வழக்கின் தாள்கள் எப்போது நீதிமன்றம் போய்ச் சேர்ந்தன, எப்போது முடிந்தன என்பதும்தான். ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுள்ள குற்றங்களை நீதிமன்றம் ஓராண்டுக்குள் கோப்பில் எடுத்தாக வேண்டும் என்ற காலவரம்பு பொதுச் சட்டத்தில் இருக்கிறது. முதல் குற்றத்தின் வழக்கு அந்த வரம்புக்குள் போகாவிட்டால், அது முதல் குற்றமாகவே எழுதப்படாமல் போகும்.

அடுத்த சிக்கல் மெய்ப்பிப்பது. முந்தைய தண்டனையை அரசுத் தரப்பு வெறும் வாய்ச்சொல்லால் நிறுவ முடியாது. முந்தைய நீதிமன்றத்தின் பதிவேட்டிலிருந்து சான்றிட்ட நகல் வேண்டும், அந்தத் தீர்ப்பில் உள்ள பெயருக்கு உரியவர் இவர்தான் என்றும் காட்ட வேண்டும். முதல் வழக்கு சேலம் மாநகரில், இரண்டாவது கிருஷ்ணகிரிப் பக்கம் நெடுஞ்சாலையில் என்றால், இரண்டாவது வழக்கைப் பதிகிற காவல் நிலையத்துக்கு முதல் வழக்கு ஒன்று இருந்ததே தெரியாமல் போக வழியுண்டு. ஒரு தாளில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால். ஒன்றில் பழைய முகவரி, இன்னொன்றில் புதியது. அப்படிப்பட்ட வழக்கு முதல் குற்றமாகவே பதிவாகி, பத்தாயிரத்தோடு முடிந்துவிடுகிறது. உரிமம் நிறுத்தப்பட்ட, ரத்தான விவரங்களைக் காலவரிசைப்படி மின்னணுத் தளத்தில் பதிய வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிம எண்ணைத் தட்டினால் அதன் வரலாறு தெரியும் என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தத் தளத்தில் ஏறுவது உரிம அதிகாரியின் ஆணை. நீதிமன்றத்தின் ஒவ்வொரு குற்றத்தீர்ப்பும் அதே எண்ணோடு சேர்க்கப்படும் வரை, கட்டாய ரத்து என்ற கடுமையான விதி பதிவேடு கிடைத்தவர்கள் மேல் மட்டுமே விழும். எளிதில் அடையாளம் தெரிபவர், முகவரி மாறாதவர், உரிமத்தை ஒழுங்காகக் காட்டியவர் மாட்டுவார், காட்டாதவர் தப்புவார். சட்டத்தை இன்னும் கடுமையாக்கச் சொல்லும் குரல்கள் அவ்வப்போது எழுகின்றன. இருக்கிற கடுமையை எல்லோருக்கும் ஒரே மாதிரி சேர்ப்பதுதான் முதல் வேலை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

உரிமம் போவது என்பதன் பொருள் எல்லோருக்கும் ஒன்றல்ல. அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போகிறவர் பேருந்தில் போய்க்கொள்வார். சங்ககிரியில் லாரி ஓட்டுபவருக்கு அந்த அட்டைதான் சோறு. சேலம் மாவட்டத்தின் மேற்கே சங்ககிரியும், அதை ஒட்டிய நாமக்கல் மாவட்டமும் நாடெங்கும் ஓடும் லாரிகளுக்குப் பேர்போனவை. பல குடும்பங்களில் அப்பா, மகன், மாமன் எல்லோருமே ஓட்டுநர்கள்தாம். ஓர் இரவில் சொந்த மொபெட்டில் வீட்டுக்குப் போகும்போது பிடிபட்டாலும் அது 185தான். லாரியில் பிடிபடவில்லை என்பதால் கனரக உரிமம் தப்பிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க 22ஆம் பிரிவு இடம் தரவில்லை. ரத்தாவது அவரிடம் உள்ள ஓட்டுநர் உரிமம். இது தெரியாமல் மொபெட் வழக்குதானே என்று இரண்டாம் முறையும் ஒத்துக்கொள்பவர், மறுநாள் சேலம் லீ பஜார் சந்தையில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாது. உரிமம் இல்லாதவர் என்று தெரிந்தே அவரை அனுப்பும் உரிமையாளர் மீதும் 180ஆம் பிரிவு பாயும்.

லாரி ஓட்டுநர்கள் பலர் நினைத்துப் பார்க்காத இன்னொன்று, விடிகாலைக் கணக்கு. நம் ஊரில் குடிப்பதன் அளவுகோல் குவார்ட்டர், 180 மில்லி. பாட்டிலில் 42.8 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் உள்ளே ஏறக்குறைய 60 கிராம் தூய மது இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் அது முழுமையாகக் கலந்தால், 100 மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ 150 மில்லி கிராம் அளவுக்கு வரும். அனுமதித்த அளவைப் போல் ஐந்து மடங்கு. உடல் அதைக் கரைப்பது மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் வேகத்தில். இரவு 11 மணிக்குக் குடித்து முடித்து, வண்டியிலேயே படுத்துத் தூங்கி, காலை 5 மணிக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டு கிளம்புபவரின் இரத்தத்தில் அப்போதும் 60 மில்லி கிராம் இருக்கலாம். ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு இந்த எண்கள் கூடும், குறையும். ஆனால் மோரோ எலுமிச்சைச் சாறோ ஏற்காட்டுக் கடுங்காப்பியோ அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. நேரம் ஒன்றுதான் கரைக்கிறது. நேற்றுக் குடித்தது இன்று குற்றமாகுமா என்று கேட்பவருக்கு, சட்டம் பார்ப்பது எப்போது குடித்தார் என்பதை அல்ல, ஓட்டும்போது இரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதையே என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அதை அளக்கும் முறைக்கும் சட்டம் விதி வைத்திருக்கிறது. சீருடையில் உள்ள காவல் அதிகாரியோ மோட்டார் வாகனத் துறை அதிகாரியோ, சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்கும்போது, 203ஆம் பிரிவின்கீழ் ஊதச் சொல்லலாம். கருவி மது இருப்பதாகக் காட்டினால் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விடுவித்துவிட வேண்டும் என்று 202ஆம் பிரிவின் காப்புரை கூறுகிறது; ஏற்காட்டின் உட்கிராமச் சாலையில் பிடிபட்டவரைப் பொறுத்தவரை, வளைவுகளையும் மருத்துவமனைத் தொலைவையும் கணக்கிட்டால் அந்த 2 மணி நேரம் காவல்துறைக்கு நெருக்கடியானதுதான். ஊத மாட்டேன் என்று மறுப்பதால் தப்பிக்க முடியாது: தக்க காரணமின்றி மறுத்ததையே அரசுத் தரப்புச் சான்றுக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாகக் கொள்ள 205ஆம் பிரிவு இடமளிக்கிறது. மறுபுறம், வாயில் வாடை அடித்தது, கண் சிவந்திருந்தது, நடை தள்ளாடியது என்பன மட்டும் போதாது. இரத்தத்தில் எவ்வளவு என்ற எண் இல்லாமல் 185 நிற்காது. கருவியின் மீது ஐயமுள்ளவர் இரத்தப் பரிசோதனை கோருவதும், அச்சிட்ட சீட்டின் நாள், நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்வதும் அவருடைய நியாயமான உரிமைகளைச் சேர்ந்தவை. குடித்த உடனே ஊதினால் வாயில் தங்கிய மது அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், கால் மணி நேரம் விட்டு மறுபடி ஊதச் செய்வது நல்ல நடைமுறை.

ஓட்டுபவரோடு முடிவதுமில்லை. 184, 185, 186 ஆகிய பிரிவுகளின் குற்றங்களுக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188ஆம் பிரிவு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவர் ஓட்டும் வண்டியில் தெரிந்தே கூட வருபவர் மீதும் வழக்குப் போடப்போவதாக அறிவித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான். நிதானத்தில் இருக்கிற நண்பர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நிதானம் இழந்தவரை மலையிலிருந்து ஓட்டி இறங்கச் சொல்வது, சட்டத்தின் பார்வையில் வெறும் அசட்டைத்தனம் அல்ல.

விபத்து நேர்ந்துவிட்டால் வழக்கு வேறு தளத்துக்குப் போகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில், கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்துவதற்கு 5 ஆண்டு வரை சிறை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது 2 ஆண்டாக இருந்தது. ஆனால் குடித்துவிட்டு ஓட்டி உயிர் போன வழக்குகளை வெறும் கவனக்குறைவாகப் பார்க்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2012இல் இரண்டு வழக்குகளில் தெளிவாக்கியது. மும்பை கார்ட்டர் சாலையில் 2006 நவம்பரில், நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கார் ஏறி 7 பேர் இறந்த அலிஸ்டர் அந்தோணி பெரேரா வழக்கில், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமே உறுதி செய்யப்பட்டு, 3 ஆண்டு சிறை நிலைத்தது. டெல்லி லோதி சாலையில் 1999 ஜனவரியில் 6 பேர் இறந்த சஞ்சீவ் நந்தா வழக்கிலும் அதே பிரிவுதான். இவ்வளவு குடித்துவிட்டு இப்படி ஓட்டினால் உயிர் போகும் என்பது ஓட்டியவருக்குத் தெரிந்தே இருக்கும் என்பதுதான் இரண்டு தீர்ப்புகளின் அடிநாதம். இன்றைய சட்டத்தில் அதற்கு நேரானது 105ஆம் பிரிவு. இறப்பு நேரும் என்று தெரிந்தே செய்த செயலானால் 10 ஆண்டு வரை சிறை. தண்டனையின் அளவைப் பற்றி வாதம் நடக்கும் நாளில், முன்பு ஒருமுறை 185இல் தண்டிக்கப்பட்டவர் என்ற தாள் நீதிபதியின் மேசைக்கு வந்தால் அதன் எடை என்னவாக இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

காப்பீடு குறித்தும் ஓரிரு சொற்கள். சொந்த வண்டியின் சேதத்துக்குக் கேட்கும் இழப்பீட்டை, ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று காட்டி நிறுவனம் மறுக்கலாம். 185இன்கீழ் வழக்கே பதிவாகாத, மூச்சு அல்லது இரத்தப் பரிசோதனை முடிவு இல்லாத நிலையிலும், மற்றச் சூழ்நிலைகளை வைத்து அதை நிறுவலாம் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே, பரிசோதனைக்கு முன் இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டால் குற்ற வழக்கு வலுவிழக்கலாம். காப்பீட்டுத் தொகை கிடைத்துவிடும் என்று மட்டும் எண்ண முடியாது. அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டில், நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் ஆணையிடுவது உண்டு. அந்த வசூல் ஆணை சிறு லாரி உரிமையாளர் ஒருவரின் வீட்டு வாசலுக்கு வரும்போது, ஓட்டுநருக்கு விதித்த 15,000 ரூபாய் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

இந்தியாவில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்த மாவட்டம் சேலம். 1937 அக்டோபர் 1ஆம் நாள், முன்பு இதே ஊரின் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமராக அதை இங்கிருந்து தொடங்கினார். இன்று அதே மாவட்டத்தில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனம். 2003 இறுதியிலிருந்து அந்த ஏற்பாடு தொடர்கிறது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று அளித்த தீர்ப்பின் வழக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான்: தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு. பிறகு, 20,000 வரை மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிப் பகுதிகளில் தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நகராட்சி எல்லைகளுக்கு அது பொருந்தாது என்ற விளக்கமும் வந்தது. கடைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள தொலைவை அளந்த அந்த முயற்சி இப்படித் தளர்ந்துபோன பின், குடித்தவரும் வண்டியும் ஒன்றுசேரும் இடத்தில் மிஞ்சியிருக்கும் தடுப்பு அடிவாரத்தில் நிற்கும் அந்தக் காவலரும் அவர் கையிலுள்ள கருவியும்தான்.

முதல் முறை தண்டிக்கப்பட்டவருக்குச் சட்டம் ஒரு சலுகை வைத்திருப்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. உரிமத்தில் நீதிமன்றம் பதிந்த குறிப்புக்குப் பிறகு, தொடர்ந்து 3 ஆண்டுகள் வேறு குறிப்பு ஏறாமல் இருந்தால், பழைய உரிமத்தை ஒப்படைத்துக் குறிப்பில்லாத புதிய உரிமம் பெறலாம் என்கிறது 25ஆம் பிரிவு. தகுதியிழந்திருந்த காலம் அந்த 3 ஆண்டுக் கணக்கில் சேராது. புதிய அட்டையைப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. லாரி உரிமையாளர் வாங்கிப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் 3 ஆண்டில் அழிவது அட்டையின் மேல் உள்ள எழுத்து மட்டுமே. குற்றத்தீர்ப்பு, அது எழுதப்பட்ட நீதிமன்றத்தின் பதிவேட்டில், அன்றைய தேதியோடும் வழக்கு எண்ணோடும் அப்படியே இருக்கிறது.